பெட்டி, ஃபோல்டர், பென்சில்: சிகாகோ நாட்குறிப்பு

ஞாயிறு

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே.ராமானுஜனின் தாள்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன என்பது எனக்கு வெகு காலமாகத் தெரியும். கவிதை வரைவுகள், நாட்குறிப்புகள், கடிதங்கள், வகுப்புக் குறிப்புகள், மொழிபெயர்ப்புப் படிகள் எல்லாம் அங்கே பெட்டி பெட்டியாக உள்ளன. 1962இலிருந்து 1993 ஜூலையில் இறக்கும்வரை அவர் வேலை பார்த்த இடம் அது. அண்ணன் மகள் சிகாகோவுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியேறியதும், இனி சாக்குச் சொல்ல முடியாது என்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

"ஏரியைப் பார்க்கலாம், உயரமான கட்டடமெல்லாம் பார்க்கலாம். நீங்க என்னடான்னா அட்டைப்பெட்டியைப் பார்க்க வந்திருக்கீங்க சித்தப்பா" என்றாள். மறுக்க முடியவில்லை.

இந்தப் பயணத்தின் பாதியை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். இதுபோன்ற தொகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் 'ஃபைண்டிங் எய்டு' என்று ஒரு வழிகாட்டிப் பட்டியல் உண்டு. இந்தப் பெட்டியில் இந்த ஃபோல்டர், அதில் இன்ன பொருள், இன்ன ஆண்டு என்று வரிவரியாக இருக்கும். சாதாரண நூலகத்தில் புத்தகத்துக்கு ஒரு தலைப்பும் ஆசிரியரும் இருப்பதால் தேடிவிடலாம். ஓர் எழுத்தாளரின் மேசை இழுப்பறையில் கிடந்த தாளுக்குத் தலைப்பு ஏது? யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி, அமிலம் கலக்காத உறைகளில் மாற்றி, பட்டியல் போட்டிருக்கிறார். அதைச் செய்தவரின் பெயர் பெரும்பாலும் நம் கண்ணில் படாது. ஆனால் அவர் ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால், அந்தத் தாள் இருந்தும் இல்லாததுதான்.

பட்டியலிலிருந்து தேவையான பெட்டிகளைக் குறித்து, இணையத்தில் கணக்குத் தொடங்கி, முன்கூட்டியே கோரிக்கை அனுப்பியாகிவிட்டது. ஆராய்ச்சியாளராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அடையாள அட்டை உள்ள எவரும் பதிவு செய்துகொண்டு படிக்கலாம். இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

திங்கள்

நகர மையத்தில் மில்லெனியம் நிலையத்திலிருந்து மெட்ரா எலெக்ட்ரிக் ரயில். ஏரிக்கரையை ஒட்டியே தெற்கே போகிறது. ஹைட் பார்க் பகுதியில் இறங்கி மேற்கே நடந்தால் பல்கலைக்கழகம். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில், கூர்மையான கோபுரங்களோடு, ஐரோப்பாவில் எப்போதோ கட்டியதுபோல் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1890இல்தான் தொடங்கப்பட்டது. பழமை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டது. தெற்கு எல்லையில் மிட்வே என்ற நீண்ட புல்வெளி. 1893 உலகக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதி அங்கேதான் இருந்தது. அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சமய மாநாட்டுக்குத்தான் விவேகானந்தர் வந்தார். மாநாடு நடந்தது இங்கே இல்லை, நகர மையத்தில், இப்போது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கும் கட்டடத்தில்.

இத்தனை கோபுரங்களுக்கு நடுவே ரீஜன்ஸ்டைன் நூலகம் மட்டும் கோட்டைச் சுவர்போல நிற்கிறது. 1970இல் திறந்தது, வால்டர் நெட்ஷ் வடிவமைத்தது. தரைக்கு மேலே ஐந்து தளம், கீழே இரண்டு. அழகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது நிற்கும் இடம் சாதாரணமானதல்ல. முன்பு அங்கே ஸ்டாக் ஃபீல்ட் என்ற விளையாட்டு மைதானம் இருந்தது. அதன் பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த ஓர் ஆட்டக்கூடத்தில்தான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. நூலகத்துக்குப் பக்கத்திலேயே எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் அதற்கு நினைவுச்சின்னம். ஒரு பக்கம் பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் பார்த்தால் அணுகுண்டு எழுப்பும் புகை. ஃபெர்மியின் தாள்களும் இதே நூலகத்தில்தான் இருக்கின்றன. வேலை நடந்த இடமும் அதன் குறிப்புகள் தங்கிய இடமும் இத்தனை அருகருகே அமைவது அபூர்வம்.

உள்ளே நுழைவது ஒரு சடங்கு. பை லாக்கரில். மேல்கோட்டு லாக்கரில். தண்ணீர் பாட்டில் லாக்கரில். பேனாவும்தான். மை சிந்தினால் துடைக்க முடியாது, பென்சில் பட்டால் அழித்துவிடலாம் என்பதுதான் காரணம். மடிக்கணினி கொண்டுபோகலாம். ஃபோனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. வாசிப்பறையில் நீண்ட மேசைகள். பழைய புத்தகங்களை முழுக்க விரிக்காமல் சாய்த்து வைக்க நுரைத் தாங்கிகள், பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்கத் துணி சுற்றிய எடைக்கயிறுகள்.

அப்புறம் முக்கியமான விதி: ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு ஃபோல்டர். எடுத்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி வைக்க வேண்டும். தாள்களின் வரிசையைக் கலைக்கக் கூடாது. வரிசை தப்பாகத் தெரிந்தாலும் நாமே சரிசெய்யக் கூடாது. முதலில் இது சும்மா கெடுபிடி என்று தோன்றும். ஆனால் ஒரு கடிதமும் ஒரு கவிதையும் அடுத்தடுத்துக் கிடந்தால் அதுவே ஒரு செய்தி. எழுதியவர் வைத்த வரிசையை முடிந்தவரை காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். நம் வீடுகளில் தாத்தாவின் காகிதங்களை 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று யாராவது கிளம்பும்போதுதான் பாதித் தகவல் போய்விடுகிறது.

மாலைவரை பதிவு, விதிகள், ஒரே ஒரு பெட்டி. இன்றைக்கு இது போதும்.

செவ்வாய்

காலையில் நேரே பெட்டிக்குப் போகாமல் ஹார்ப்பர் கட்டடத்துக்குப் போனேன். மிட்வேயைப் பார்த்தபடி இரண்டு கோபுரங்களோடு நிற்கிறது. 1912இல் திறந்தது, ரீஜன்ஸ்டைன் வருவதற்கு முன்பு பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகம் இதுதான்.

1962இல் ராமானுஜனுக்கு 33 வயது. சிகாகோவுக்குப் புதிதாக வந்திருந்தார். மைசூரில் வளர்ந்த தமிழ் ஐயங்கார் வீடு அவருடையது. கீழ்க்கட்டில் அம்மாவோடு தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம். வீட்டுத் தமிழ் இருந்ததே தவிரப் பழந்தமிழை அவர் படித்ததில்லை. ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் எளிமையாக ஏதாவது கிடைக்குமா என்று இந்தக் கட்டடத்தின் அடித்தளப் புத்தக அடுக்குகளுக்குள் போனார். இலக்கணத்தைத் தேடியவர் கையில் உ.வே.சாமிநாதையரின் 1937 குறுந்தொகைப் பதிப்பு சிக்கியது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவர், மொழிபெயர்க்கவும் ஆரம்பித்தார். 1967இல் அந்தக் குறுந்தொகை மொழிபெயர்ப்புகள் சின்னஞ்சிறு நூலாக வந்தன. சங்கக் கவிதை என்று ஒன்று இருப்பதை உலகின் பல கவிஞர்கள் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தன் சொந்த மரபுகூடப் பிறப்போடு வந்துவிடாது, உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்ற பொருளில் பின்னாளில் இதைப் பற்றி எழுதினார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது தற்செயல் அல்ல. அந்தப் புத்தகம் அங்கே இருந்தது என்பதுதான். எத்தனை பேர் எடுத்துப் படித்திருப்பார்கள்? அநேகமாக யாரும் இல்லை. யாரும் கேட்காத புத்தகத்துக்கும் ஓர் எண் ஒட்டி அடுக்கில் நிறுத்தி வைத்த ஏதோ ஒரு நூலகருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பின்னால் போய்ப் பார்த்தால் சங்கிலி இன்னும் நீள்கிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். அதில் 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரும் வேறு 20க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாக மரபு. இரண்டு உரையும் இன்று இல்லை, ஏட்டோடு போயிற்று. மூலம் மட்டும் தப்பியது. 1915இல் திருக்கண்ணபுரத்தலத்தான் சௌரிப்பெருமாள் அரங்கன் முதன்முதலில் அச்சிட்டார். பிறகு உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்து, தானே உரையும் எழுதி 1937இல் பதிப்பித்தார். அப்போது அவர் 80 வயதைத் தாண்டியிருந்தார். ஓர் உரை தொலைந்து இன்னோர் உரை எழுதப்பட்ட புத்தகம்தான் கடல் கடந்து இந்த அடித்தளத்துக்கு வந்தது.

ஹார்ப்பரில் இப்போது அந்த அடுக்குகள் இல்லை. 2009இல் நூலகம் என்ற நிலையை விட்டுவிட்டு, மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும் கூடமாகிவிட்டது. உயரமான கூரை, நீண்ட மேசைகள், ஹெட்ஃபோன் மாட்டிய பிள்ளைகள். அடித்தளத்துக்கு எந்தப் படி என்று ஒரு பையனைக் கேட்டேன். கீழே வகுப்பறைகள்தான் இருக்கின்றன என்றான்.

பத்து மணிக்கு மேல் வாசிப்பறை. மாலைவரை ராமானுஜன்.

அச்சில் வந்த கவிதையைப் படிக்கும்போது அது அப்படியே பிறந்ததுபோல் இருக்கும். வரைவுகளைப் பார்த்தால் அந்த மயக்கம் போய்விடுகிறது. ஒரே பாடல் தட்டச்சில் மறுபடி மறுபடி. ஒவ்வொன்றின் மேலும் கையால் திருத்தம். திருத்தியதைச் சேர்த்து மறுபடி தட்டச்சு, அதன் மேலும் திருத்தம். சொல்லைவிட வரியின் இடம்தான் அதிகம் நகர்கிறது. ஒரு தாளில் இடது ஓரத்தை ஒட்டியிருந்த வரி அடுத்த தாளில் உள்ளே தள்ளிப் போகிறது, அதற்கடுத்த தாளில் இரண்டாக உடைகிறது. சங்கப் பாடலில் வாக்கியம் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து கடைசியில் வினைமுற்றில் வந்து விழுகிறதே, அந்த மடிப்பை ஆங்கிலப் பக்கத்தின் வெற்றிடத்தை வைத்துக் காட்ட முயன்றதாக அவரே விளக்கியிருக்கிறார். விளக்கமாகப் படித்தபோது இது ஏதோ கோட்பாடு என்று நினைத்திருந்தேன். தாளில் பார்த்தால் தட்டச்சு இயந்திரத்தின் இடைவெளிக் கட்டையை எத்தனை முறை தட்டுவது என்ற தச்சு வேலை.

இப்போது எழுதுகிறவர்களிடம் இதெல்லாம் எஞ்சுமா? திருத்தினால் பழையது அழிந்துவிடுகிறது. கோப்பின் கடைசி வடிவம் மட்டும் தங்குகிறது. எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் தாள்களோடு அவருடைய பழைய கணினிகளையும் வாங்கி, அவற்றில் ஒன்றின் திரை அன்று எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி இயக்கிக் காட்டுகிறது. அதெல்லாம் பணமும் பொறுமையும் உள்ள இடங்களில் நடக்கும். நம்மில் பலர் ஹார்ட் டிஸ்க் போனால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிற ஆட்கள்.

நாட்குறிப்புகளும் பார்த்தேன். ஒரு பகுதி 2019இல் நூலாகவே வந்துவிட்டது. வெளியே அத்தனை நிதானமாகத் தெரிந்த மனிதர், உள்ளே தன்னையே நம்பாமல் புலம்பிக்கொண்டிருக்கிறார். இதைப் படிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு கூச்சம் வரத்தான் செய்தது. நூலகம் அனுமதித்திருக்கிறது, குடும்பம் கொடுத்திருக்கிறது, இருந்தாலும் வந்தது.

படங்கள் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். தாள் நூலகத்தின் சொத்து, அதில் உள்ள எழுத்தின் உரிமை வாரிசுகளுடையது. அமெரிக்கச் சட்டப்படி வெளிவராத எழுத்துக்கு ஆசிரியர் இறந்து 70 ஆண்டு காப்புரிமை உண்டு. ராமானுஜனுக்கு அது 2063 முடியும்வரை. படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம். ஊருக்குக் காட்ட வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும்.

புதன்

மழை. குடை ஒன்று காற்றில் போயிற்று.

இன்று 'போயட்ரி' பத்திரிகையின் ஆவணங்கள். ஹேரியட் மன்றோ என்ற பெண்மணி 1912இல் சிகாகோவில் தொடங்கிய பத்திரிகை, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவர் கைக்கு வந்த கடிதங்களும் பிரதிகளும் இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நவீன ஆங்கிலக் கவிதையின் பிறப்புச் சான்றிதழ்கள் பல இங்கேதான் இருக்கின்றன.

எஸ்ரா பவுண்ட் என்ற அமெரிக்கக் கவிஞர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பத்திரிகைக்கு வெளிநாட்டுத் தொடர்பாளராக இருந்தார். யாரையாவது கண்டுபிடித்து அனுப்புவது, ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டுச் சண்டை போடுவது, இரண்டும் அவர் வேலை. எலியட் என்ற பெயர் தெரியாத இளைஞரின் 'புரூஃப்ராக்' கவிதையை 1914 அக்டோபரில் அனுப்பினார். மன்றோவுக்கு அது பிடிபடவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்டார், பவுண்ட் மறுத்தார். கடைசியில் 1915 ஜூன் இதழில், அதுவும் பின்பக்கங்களில் வெளியானது. இன்று அந்த இதழை யாரும் வேறு எதற்காகவும் நினைவில் வைத்திருக்கவில்லை. மன்றோவைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பிடிக்காத ஒன்றைப் போட்டாரே, அது எத்தனை ஆசிரியர்களால் முடியும்? அதோடு தன்னைத் திட்டி வந்த கடிதங்களையும் கிழிக்காமல் வைத்திருந்தார். நம்மூர்ச் சிற்றிதழ்க்காரர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அவரைக் கும்பிடலாம். எத்தனை பத்திரிகைகள், எத்தனை கட்டுக் கடிதங்கள், வீடு மாறும்போது எடைக்குப் போயின!

இன்னொன்று. தாகூரின் கீதாஞ்சலிக் கவிதைகள் ஆறு, 1912 டிசம்பர் இதழில் வந்தன. பத்திரிகைக்கு வயது மூன்று மாதம். தாகூருக்கு நோபல் பரிசு வருவது அடுத்த ஆண்டு நவம்பரில். அனுப்பியவர் இங்கேயும் பவுண்ட்தான். சில வாரங்களில் தாகூரே சிகாகோ வந்து தங்கினார்.

மன்றோ 1936இல் பெரு நாட்டில் இறந்தார். 75 வயதில் மச்சு பிச்சு பார்க்கப் போகிற வழியில். இதற்கும் ஆவணத்துக்கும் சம்பந்தம் இல்லை, எனக்குச் சொல்லத் தோன்றியது.

வியாழன்

ரயிலில் வரும்போது ஹைட் பார்க் மரமொன்றில் பச்சைக் கிளிகள் கத்துவது கேட்டது. நிஜம்தான். தென்னமெரிக்க இனம், இந்தக் குளிரிலும் பெரிய சுள்ளிக் கூடுகள் கட்டிக்கொண்டு பல பத்தாண்டுகளாக இங்கே வாழ்கின்றன.

இன்றைய பெட்டிகள் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகருடையவை. இலக்கிய ஆவணம் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். படித்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ராமானுஜன் பெட்டியிலிருந்து இங்கே வந்தால் தெருவே மாறிவிட்டதுபோல் இருக்கிறது. அங்கே பல அளவுத் தாள்கள், ஓரக் குறிப்புகள், அலையும் மனசு. இங்கே ஒழுங்கு. சீரான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத கணக்குகள், வந்த கடிதத்துக்குப் போன பதிலின் நகல். சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1952 முதல் 1971வரை 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழைத் தனியொருவராக நடத்தி உலகத்தின் முதன்மையான வானியல் இதழாக்கினார். 1983இல் நோபல் பரிசு. அதே ஆண்டு, அதே வளாகத்தில், ராமானுஜனுக்கு மெக்கார்தர் நிதிநல்கை. இரண்டு பேரும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். இருவரின் பெட்டிகளும் இன்று ஒரே கூரையின் கீழ் உறங்குகின்றன.

யெர்க்ஸ், பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 80 மைல் தள்ளி, விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து வாரந்தோறும் காரோட்டி வந்து இரண்டே இரண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார் என்றும், அந்த வகுப்பு முழுவதுக்குமே நோபல் பரிசு கிடைத்துவிட்டது என்றும் ஒரு கதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். மாணவர்கள் லீயும் யாங்கும், பரிசு 1957இல்.

நான் கேட்டிருந்தது அப்பாவுக்கும் மகனுக்குமான கடிதங்கள். அப்பா சி.எஸ்.ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி, சி.வி.ராமனின் அண்ணன். மகன் எப்போது இந்தியாவுக்குத் திரும்புவான் என்ற கேள்வி வருடக்கணக்கில் அந்த உறவின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் திரும்பவில்லை. 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். விமானக் கடிதத்தின் அந்த மெல்லிய தாளைத் தொட்டால் இப்போதும் சரசரக்கிறது. 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் என்ற பெரிய வானியலாளர் சபை நடுவே 24 வயதுச் சந்திரசேகரின் கண்டுபிடிப்பைக் கேலி செய்தாரே, அதன் பிறகும் அந்த இருவரும் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இந்த மனிதர்களின் கோபம் எங்கே போயிற்று என்று தாள்களில் தேடினால் கிடைக்காது. ஆவணக் காப்பகத்தை நம்பி ஒருவரை முழுதாகத் தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு இது நல்ல பாடம்: ஒழுங்கானவர்கள் தாங்கள் காட்ட விரும்பியதைத்தான் விட்டுப் போகிறார்கள்.

பிற்பகலில் ஒரு சின்னக் கிளைக்கதை. இந்த நூலகத்தில் உள்ளங்கை அளவில் கிரேக்கச் சுவடி ஒன்று இருக்கிறது. மாற்கு நற்செய்தி, 44 ஏடுகள், சின்னச் சின்ன ஓவியங்கள். 1937இல் வாங்கியது. (1937 என்னை விடமாட்டேன் என்கிறது.) மிகப் பழைய பாடத்தோடு ஆச்சரியமாக ஒத்துப்போனதால் அறிஞர்கள் கொண்டாடினார்கள், சிலர் சந்தேகித்தார்கள். ஓவியத்தின் நீலத்தில் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் உலகத்திலேயே இல்லாத நிறமி இருந்தது முதல் துப்பு. அப்புறம் எழுத்தின் பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1860இல் ஜெர்மனியில் அச்சான ஒரு பதிப்பைப் பார்த்து எழுதியது என்று வெளிப்பட்டது. 2009இல் பல்கலைக்கழகமே போலி என்று அறிவித்தது. அறிவித்துவிட்டு, தூக்கி எறியவில்லை. போலிச் சுவடி என்று பட்டியலில் திருத்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு நூலகத்தின் மேல் மரியாதை வர இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளி

கடைசி நாள். பெட்டிகள் எதுவும் கேட்கவில்லை. ஒரு பார்வையாளர் அட்டை வாங்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றினேன்.

ரீஜன்ஸ்டைனை ஒட்டி ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது: மான்சுவேட்டோ நூலகம், 2011இல் திறந்தது, ஹெல்முட் யான் வடிவமைத்தது. உள்ளே மேசைகள், வெளிச்சம், மேலே வானம். புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாம் கீழே, 50 அடி ஆழத்தில். 35 லட்சம் நூல்கள் வைக்க இடம் உண்டு. அவற்றைப் பாடவாரியாக அடுக்குவதில்லை, உயரவாரியாக இரும்புத் தொட்டிகளில் போடுகிறார்கள். இணையத்தில் கேட்டால் ரோபோ கிரேன் போய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு சில நிமிடங்களில் மேலே வருகிறது. இட நெருக்கடிக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தீர்வு கிடையாது. ஆனால் இலக்கணம் தேடப் போய்க் குறுந்தொகையில் தடுக்கி விழுவது இங்கே நடக்காது. எந்திரம் கேட்டதை மட்டும்தான் கொண்டுவரும்.

நல்லவேளையாக, தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி இன்னும் நடந்துபோய்ப் பார்க்கும் அடுக்குகளில் இருக்கிறது. வரிசை வரிசையாக. அட்டை போட்ட மலிவுப் பதிப்பு நாவல்கள், ஊர் வரலாறுகள், தலபுராணங்கள், யாருடைய மணிவிழா மலரோ ஒன்று. நம் ஊர் நூலகத்தில் கிடைக்காத புத்தகத்தைச் சிகாகோவில் பார்ப்பது கொஞ்சம் எரிச்சலும்தான்.

இவை வந்த வழி விசித்திரமானது. பி.எல். 480 கோதுமையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கா உபரிக் கோதுமையை நமக்கு ரூபாய்க்கு விற்றது. அந்த ரூபாயை இந்தியாவுக்குள்தான் செலவழிக்க முடியும். அதில் ஒரு பங்கில் புத்தகம் வாங்கலாம் என்று ஏற்பாடாகி, 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகளில் அச்சாகும் நூல்களை வாங்கித் திட்டத்தில் சேர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்பினார்கள். சிகாகோ அவற்றில் ஒன்று. ரேஷன் கடையில் நாம் கோதுமைக்கு நின்றபோது, அதே காசில் நம் புத்தகங்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. இதைச் சுரண்டல் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிகாகோ ஒன்று வாங்கிப் போனதால் நம் ஊரில் குறையவில்லை, நம் ஊரில் வாங்கி வைக்க ஆளில்லாமல்தான் குறைந்தது.

ஒரு விஷயத்தில் சிகாகோ கப்பலேற்றாமலும் இருந்திருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர், பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், வாழ்நாளெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும் வாங்கிச் சேர்த்தார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் இறந்தபின் தொகுப்பு சிதறிப்போகும் நிலை வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக விலைக்கு வாங்கியது. வாங்கி, சென்னையிலேயே வைத்தது. நுண்படம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள், அங்கேயே ஆட்களைப் பழக்கினார்கள். 1994இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. நாடக நோட்டீஸும் சமையல் புத்தகமும் குஜிலிப் பாட்டும் ஆராய்ச்சிக்குரிய பொருள்கள்தான் என்று முடிவெடுத்ததில் முத்தையாவின் கண் பல பேராசிரியர்களுக்கு முந்தியது.

மாலையில் அண்ணன் மகள் காரோடு வந்துவிட்டாள். வழியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அப்ப இந்த ரோஜா முத்தையா நூலகம் சென்னையில எங்க இருக்கு சித்தப்பா?"

"தரமணியில."

"நீங்க போயிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை. நீ டிசம்பர்ல ஊருக்கு வரும்போது கூட்டிட்டுப் போறேன். என்ன பார்க்கணும்னு முன்னாடியே பட்டியல்ல தேடி வச்சுக்கோ. அங்க போய் நின்னுக்கிட்டு யோசிச்சா பொழுது போயிடும்."